அடுப்புக் கணக்கு

தொண்டு வேலை செய்கிறவர்கள் அனுப்பிய இந்த மாதக் கேள்விகளுக்கு என்னைப் பதில் எழுதச் சொன்னார்கள். நான் கடலூர் புதுப்பாளையத்துக்காரி. பால்வாடி டீச்சராக இருந்தேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஊருக்குள் வந்தது. தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகளை ஒரு இடத்தில் உட்கார வைத்துக் கஞ்சி ஊற்றலாம் என்று போனேன். அப்படியே பத்தொன்பது வருஷம் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தின் செயலாளராக இருந்துவிட்டேன். 2024 ஜூனில் பொறுப்பை ஒப்படைத்தேன். கடிதம் போட்டவர்களில் பலர் பெயர் வேண்டாம் என்றிருந்தார்கள். அதனால் எல்லாருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் ஒன்பது பேர் வேலை செய்யும் சின்ன அமைப்பு. பன்னிரண்டு கிராமங்களில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறோம். நிதி கொடுத்துவந்தவர்கள் வரும் மார்ச்சோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். வேறு இரண்டு இடத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன், கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது. இப்போதே ஊழியர்களிடம் சொன்னால் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். கொஞ்சம் பொறுத்துச் சொல்லலாமா அம்மா? (குறிஞ்சிப்பாடி)

இன்றைக்குச் சாயங்காலமே சொல்லிவிடுங்கள் தம்பி. நான் சொல்லாமல் இருந்து பார்த்தவள். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

2020 செப்டம்பர் கடைசியில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் (எஃப்.சி.ஆர்.ஏ.) திருத்தம் வந்தது. அதுவரை ஒரு பெரிய நிறுவனம் வெளிநாட்டுப் பணத்தை வாங்கி, எங்களைப் போன்ற சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். இனிமேல் கூடாது என்றார்கள். நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை போகலாம் என்றிருந்தது 20 ஆனது. பணம் வந்து இறங்கும் கணக்கு டெல்லியில் ஸ்டேட் பேங்கின் ஒரே ஒரு கிளையில்தான் இருக்க வேண்டும் என்றும் ஆனது. எங்களுக்குச் சொந்தமாக எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு கிடையாது. வருமானத்தில் முக்கால் பங்கு சென்னையில் இருந்த ஒரு பெரிய அமைப்பின் வழியாக வந்துகொண்டிருந்தது. அது அந்த மாதத்தோடு நின்றுபோனது. கொரோனாவும் அப்போது தீரவில்லை. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததால் எங்கள் மையங்களை நம்பி வந்த பிள்ளைகள் முன்னைவிட அதிகம்.

அக்டோபர், நவம்பர் இரண்டு மாசம் நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. வேற இடத்துல பேசிக்கிட்டுதானே இருக்கோம், வந்துடும், எதுக்குப் பிள்ளைகளைக் கலங்கடிக்கணும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையிருப்பை எடுத்துச் சம்பளம் போட்டேன். டிசம்பரில் அதுவும் தீர்ந்தது. பதினோரு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். யாரும் சத்தம் போடவில்லை. மையங்களைச் சுற்றி வருகிற பெண் ஒருத்தி மட்டும், தலையைக் குனிந்தபடியே, "தீபாவளிக்கு முன்னாடி புதுச்சேரிப் பக்கம் ஒரு கம்பெனியில கூப்பிட்டாங்கம்மா. வேன் வீட்டாண்டையே வரும்னாங்க. இங்கதான் வேலை இருக்கே, வரலன்னுட்டேன். இப்ப அங்க ஆள் எடுத்துட்டாங்க" என்றாள்.

நிதியை நிறுத்தியது வேறு யாரோவாக இருக்கலாம். அவளுடைய அந்த இரண்டு மாதத்தை எடுத்துக்கொண்டது நான். அந்த வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், கணவருக்குச் சரியான வேலை கிடையாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அதனால், சொல்லுங்கள். சொல்லும்போது பேங்க் பாஸ்புக்கை நடுவில் திறந்து வையுங்கள். இன்ன தேதி வரை சம்பளம் உறுதி, அதற்குப் பிறகு என் கையில் இல்லை என்று தேதியோடு சொல்லுங்கள். பேசிக்கொண்டிருக்கும் இரண்டு இடத்தையும் சொல்லுங்கள், ஆனால் அதை நம்பிக்கையாக விற்காதீர்கள். வேறு வேலை தேடுகிறவருக்கு அனுபவச் சான்றிதழ் கையோடு தயாராக இருக்கட்டும். நேர்முகத் தேர்வுக்குப் போகும் நாளைச் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். பணிக்கொடையை இப்போதே கணக்குப் போடுங்கள்: ஐந்து வருஷம் முடித்தவருக்கு, வருஷத்துக்கு 15 நாள் சம்பளம். ஒன்பது பேர்தானே, பத்து இருந்தால்தானே சட்டம் என்று ஆடிட்டர் சொல்லக்கூடும். எட்டு வருஷம் வெயிலில் சைக்கிள் மிதித்தவரை வெறுங்கையோடு அனுப்பலாமா என்பதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், ஆடிட்டர் அல்ல.

சிலர் போவார்கள். எங்களிடம் பதினொன்றில் நாலு பேர் நின்றார்கள். அவர்களோடு உட்கார்ந்து, பதினாலு மையத்துக்கும் போய், ஊர்க்காரர்களிடமும் இதே பாஸ்புக்கைக் காட்டினோம். ஒன்பது ஊரில் மகளிர் குழுக்கள் மையத்தை எடுத்துக்கொண்டன. வீட்டுக்கு மாசம் 30 ரூபாய் போட்டு, ஊரிலேயே பன்னிரண்டாவது படித்த பெண்ணை டீச்சராக வைத்தார்கள். ஐந்து ஊரில் முடியவில்லை, மூடினோம். அந்த ஒன்பதில் ஆறு இன்றைக்கும் நடக்கிறது. உண்மையை முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த ஐந்தில் இன்னும் ஒன்றிரண்டு தப்பியிருக்கும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை. வருமான வரி விலக்குக்குப் பதிவு வாங்கிய அமைப்பு, வருஷ வருமானத்தில் 85 சதவீதத்தைத்தான் செலவழித்துக் காட்ட வேண்டும். மீதி 15 சதவீதத்தைச் சேமித்து வைக்கலாம், தப்பே இல்லை. இன்ன செலவுக்கு என்று எழுதிக் கொடுத்த ப்ராஜெக்ட் பணத்தில் கை வைக்க முடியாது. உள்ளூரில் திரட்டுகிற பணத்தில் முடியும். மார்ச் 31 நெருங்கினால் கணக்கில் பணம் நிற்கக் கூடாது என்று பீரோவும் நாற்காலியும் வாங்கித் தீர்த்த அமைப்புகளைப் பார்த்திருக்கிறேன். நாங்களும் ஒரு வருஷம் அப்படி வாங்கினோம். அந்தப் பணம் இருந்திருந்தால் 2020-ல் மூன்று மாசச் சம்பளம் ஆகியிருக்கும்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் மழைக்காலத்துக்கு முன்பே பழைய துணிகள் சேகரித்து வைக்கலாம் என்று இருக்கிறோம். எப்படிச் சேமித்து வைப்பது? (சிதம்பரம்)

சேகரிக்காதீர்கள் கண்ணு. சுனாமிக்குப் பிறகு சாலையோரத்தில் பழைய துணி மலை மலையாகக் கிடந்து, மழையில் நனைந்து நாறியது. உடம்பில் இருந்த துணியோடு ஓடிவந்த பெண்கள்கூட அதில் கை வைக்கவில்லை. அடுத்தவர் உடுத்திக் கழித்ததை எடுக்க அவர்களுக்கு மனசு வரவில்லை. அவர்கள் என்னிடம் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டது உள்ளாடை, நாப்கின், நைட்டி. ஆண்கள் கேட்டது லுங்கியும் டார்ச் லைட்டும். எல்லா வீட்டிலும் கேட்டது மூடி போட்ட பிளாஸ்டிக் குடம், பாய், தார்ப்பாய், கொசுவத்தி. பிள்ளைகளுக்கு நோட்டும் பேனாவும். துணிக்குப் பதிலாக ஆளுக்கு நூறு ரூபாய் சேர்த்து வையுங்கள். வெள்ளம் வந்தால் அந்த ஊருக்குப் பக்கத்துக் கடையிலேயே வாங்குங்கள். அந்தக் கடைக்காரரும் நனைந்தவர்தான்.

கேள்வி: ஊர் மக்கள் நம்மிடம் வந்து கேட்கும்போது "தெரியாது" என்று சொன்னால் நம் மேல் இருக்கும் மரியாதை போய்விடாதா? தலைமையில் இருப்பவர் தைரியம் சொல்ல வேண்டாமா? (பண்ருட்டி)

உங்கள் ஊரில்தான் இதற்குப் பாடம் படித்தேன். 2011 டிசம்பர் 30, தானே புயல். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடவில்லை, தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. ஒரு முந்திரிக் காட்டு ஊரில் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு எப்ப கரண்ட் வரும் என்று கேட்டார்கள். நான் யாரோ ஒரு அதிகாரி சொன்னதை வைத்து, பொங்கலுக்குள்ள வந்துடும் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் முகம் தெளிந்ததைப் பார்க்க எனக்கும் நன்றாக இருந்தது.

பொங்கல் வந்தது, கரண்ட் வரவில்லை. அந்த நம்பிக்கையில் அந்த ஊரில் ஜெனரேட்டர் வாடகைக்குச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். பக்கத்து ஊர் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஜெனரேட்டர் வைத்துத் தண்ணீர் ஏற்றிக்கொண்டது. இவர்கள் மட்டும் என் வார்த்தையை நம்பிக் கைப்பம்பில் வரிசை நின்றார்கள். மறுபடி நான் போனபோது ஒருத்தரும் திட்டவில்லை. ஒரு பெரியம்மா மட்டும், "நீ சொன்னியேம்மா" என்றார். அந்த வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகு நான் ஒரே ஒரு தேதிக்குத்தான் வாக்குக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டேன்: நான் மறுபடி எப்போது வருவேன் என்பதற்கு. "கரண்ட் எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. ஈ.பி. ஆபீஸில கேட்டுட்டு வியாழக்கிழமை பத்து மணிக்கு இதே வேப்பமரத்தாண்ட வருவேன். சேதி இருந்தாலும் வருவேன், இல்லைன்னாலும் வருவேன்." வியாழக்கிழமை பத்து மணிக்குப் போய் நின்றேன். சேதி இல்லை. அடுத்த தேதி சொன்னேன். மூன்றாவது வியாழனில் நான் வருவதற்கு முன்பே ஆட்கள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். சேதி இல்லாத ஒருத்திக்காகக் காத்திருந்தார்கள். மரியாதை போய்விடாதா என்று கேட்டீர்கள் இல்லையா, அதனால் இதைச் சொல்கிறேன்.

கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்கள், உங்களுக்குத் தெரியும். ஒன்று, மூன்று என்று பேப்பரில் படிப்போம். மொத்தம் பதினோரு கூண்டு. பத்தாம் எண்ணுக்கு மேல் என்ன இருக்க முடியும் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பதினொன்றாம் எண்ணுக்கு அர்த்தம், வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மோசமாகும் என்று இங்கே இருப்பவர் கருதுகிறார் என்பது. எனக்குச் சேதி வரவில்லை என்று சொல்வதற்கே ஒரு கூண்டு வைத்திருக்கிறார்கள். அதைக் கண்டால் கடலோடிகள் இன்னும் கவனமாகிறார்கள். துறைமுகத்தின் மேல் யாருக்கும் மரியாதை குறைவதில்லை.

கேள்வி: நாங்கள் உச்சிமேட்டுக்குப் பக்கத்து ஊர் இளைஞர் மன்றம். 2024 டிசம்பர் வெள்ளத்தில் 200 மளிகைப் பை திரட்டினோம். நேர்மையாக இருக்க வேண்டும் என்று ரேஷன் கார்டு நகல் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தோம். ஆனாலும் "உங்க ஆளுங்களுக்கே குடுத்துட்டீங்க" என்று சண்டை வந்துவிட்டது. அடுத்த முறை பட்டியலை எப்படிப் போடுவது? (கடலூர் வட்டம்)

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறியது. அங்கே ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. புயல் போய்விட்டது என்று மூச்சு விட்ட நேரத்தில், டிசம்பர் 2 விடியற்காலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்தார்கள். நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு, குண்டு உப்பலவாடி எல்லாம் கடலைப் பார்த்துப் பயந்திருந்த ஊர்கள். தண்ணீர் முதுகுப் பக்கம் ஆற்றிலிருந்து வந்தது. அந்த நேரத்தில் 200 பை திரட்டியதே பெரிய காரியம் தம்பிகளா. சண்டை வந்ததற்கு உங்கள் நேர்மை காரணமில்லை. நீங்கள் எண்ணியது கார்டை.

ஒரு கார்டுக்குப் பின்னால் எத்தனை அடுப்பு என்று பாருங்கள். அப்பா பேரில் ஒரு கார்டு. உள்ளே பெரிய மகன் தனி உலை, சின்ன மகன் தனி உலை, மருமகளோடு ஒத்துப்போகாத அம்மா பின்கட்டில் மூன்று கல் வைத்துத் தனியாகக் காய்ச்சிக் குடிக்கிறாள். மூன்று அடுப்பு, ஒரு பை. அந்தப் பை பெரிய மகன் வீட்டுக்குப் போகும், பின்கட்டுக்கு வராது. கார்டே இல்லாத அடுப்பும் உண்டு. வெளியூரிலிருந்து கரும்பு வெட்ட வந்து கொட்டகை போட்டிருப்பவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், போன வெள்ளத்தில் கார்டைத் தொலைத்து இன்னும் வாங்காதவர்கள். கார்டு இருந்து அடுப்பு இல்லாத வீடும் உண்டு, குடும்பம் சென்னையில் இருக்கும்.

நம் மாவட்டத்தில் வடலூர் இருக்கிறது. 1867 மே 23-ல் வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பை இன்றைக்கும் அணைய விடவில்லை. அங்கே இலை முன்னால் உட்கார்ந்தவரிடம் எந்த ஊர், என்ன சாதி, கார்டு எங்கே என்று கேட்பதில்லை. நான் சின்ன வயதில் அப்பாவோடு தைப்பூசத்துக்குப் போய் அந்தச் சோற்றைச் சாப்பிட்டவள். நமக்கு அந்த வசதி இல்லை. கையில் 200 பைதான், அதனால் எண்ணித்தான் ஆக வேண்டும். அப்படி எண்ணுவது அடுப்பாக இருக்கட்டும்.

வெள்ளம் வந்த பிறகு அடுப்பை எண்ண முடியாது, கரைந்திருக்கும். புரட்டாசி முடிவதற்குள், சாயங்காலம் ஆறு மணிக்கு, உலை வைக்கும் நேரத்தில் போங்கள். இரண்டு பேர் போதும், அதில் ஒருத்தி அந்தத் தெருப் பெண்ணாக இருக்கட்டும். பின்கட்டுப் புகை அவள் கண்ணுக்குத்தான் தெரியும். எழுதி முடித்ததும் அந்தத் தெருவிலேயே நின்று பெயர்களை மட்டும் வாசியுங்கள். யார் ஏழை, யார் விதவை என்ற விவரமெல்லாம் வாசிக்க வேண்டாம். விட்டுப்போன பெயரைத் தெருவே சொல்லும், சேரக் கூடாத பெயரையும் சொல்லும். 200 பை இருந்தால் 185 வரை எழுதுங்கள். கடைசிப் பதினைந்தை யார் பேருக்கும் எழுதாமல் கையில் வைத்திருங்கள். எவ்வளவு கவனமாகப் போட்டாலும் பத்துப் பேராவது விட்டுப்போயிருப்பார்கள், அவர்கள் கடைசி நாளில்தான் வந்து ஓரமாக நிற்பார்கள்.

இதை நான் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. சுனாமியில் பட்டுத் தெரிந்துகொண்டேன். கடலோர ஊர்களில் மீனவர்களின் ஊர்ப் பஞ்சாயத்தாருடைய பட்டியலை வைத்துத்தான் நிவாரணம் நடந்தது. அவர்களைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது, போகவும் கூடாது. செத்தவர்களைத் தேடி அடக்கம் செய்ததும், ஊருக்கே ஒரே உலையில் பொங்கிப் போட்டதும் அவர்கள்தான். ஆனால் அவர்கள் கணக்கு ஊர் வரி கட்டுகிற ஆண்களின் கணக்கு. கணவனைக் கடலில் விட்டவள் பல இடங்களில் அந்தக் கணக்கில் வரவில்லை. சில கரைகளில் சுனாமிக்கு முன்னால் இருந்ததைவிட அதிகப் படகு வந்து நின்றது, அவளுக்கு மட்டும் மீன் கூடை வாங்கப் பணம் இல்லை.

கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து இருளர்கள் அதைவிடத் தள்ளி இருந்தார்கள். உப்பங்கழியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக. ஒரு அக்காவிடம் நான் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கப் போனேன். அவர் சொன்னார்: "படகு இருக்கான்னு கேட்டாங்க. வலை இருக்கான்னு கேட்டாங்க. கை இருக்குதுன்னேன். அதுக்கு இதுல கட்டம் இல்லையாம்." நாங்கள் அச்சடித்து வைத்திருந்த படிவத்திலும் அந்தக் கட்டம் இல்லை. அந்த ராத்திரியே பேனாவால் ஒரு கோடு போட்டுச் சேர்த்தோம். அவர்களுக்கு இனச்சான்று வாங்க கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்த நடை தனிக் கதை. மழை இல்லாத மாதங்களில் உங்கள் மன்றம் செய்யக்கூடிய வேலை அதுதான். சான்றும் கார்டும் ஆதாரும் வாங்கிக் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிக் கொடுங்கள். நூறு பை அரிசியைவிட அது நாள்பட நிற்கும்.

கேள்வி: பாகூர் பகுதியில் வேலை செய்கிறோம். ஃபெஞ்சலுக்குப் புதுச்சேரி அரசு கார்டுக்கு 5,000 ரூபாய் கொடுத்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு 2,000 ரூபாய். அந்தப் பக்கத்து மக்கள் எங்களிடம் வந்து மீதியை நீங்கள் கொடுங்கள் என்கிறார்கள். (பாகூர்)

கொடுக்க முயலாதீர்கள். அரசு போடும் தொகையை நிரவுகிற அளவுக்கு நம் மடியில் பணம் கிடையாது. பத்து வீட்டுக்குக் கொடுத்துப் பதினொன்றாவது வீட்டில் பகை வாங்குவீர்கள். ஒரே வெள்ளம், ஒரே சேறு, எல்லைக்கல் மட்டும் வேறு என்பது அவர்கள் வயிற்றெரிச்சல், அதில் நியாயம் இருக்கிறது. நியாயம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், மனு எழுதித் தாருங்கள். உங்கள் பணத்தை இரண்டு அரசின் கண்ணிலும் படாதவருக்கு வையுங்கள். உங்கள் பக்கத்தில் குத்தகைக்கு நிலம் உழுது, பட்டா வேறு ஒருவர் பெயரில் இருப்பவரைப் பாருங்கள். பயிர் இழப்பீடு பட்டாக்காரருக்குப் போய்விடும். நாற்றுக்கும் உழவுக்கும் கடன் வாங்கியவர் அவர். அடுத்த பட்டத்துக்கு அவருக்கு விதை நெல் கொடுத்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

கேள்வி: உதவி செய்கிற ஒருவர், வாங்குகிறவர்களை வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினால்தான் அடுத்த தவணை என்கிறார். (நெல்லிக்குப்பம்)

மறுத்துவிடுங்கள். கடை பில், வண்டியில் ஏற்றிய மூட்டை, விநியோகப் பதிவேட்டின் பக்கம், வரிச்சலுகைக்கான நன்கொடை ரசீது, இவ்வளவும் அனுப்புங்கள். ஒருநாள் கூட்டிக்கொண்டு போய் வேலையைக் காட்டுங்கள். எங்களுக்கு ஒருவர் இதே காரணத்துக்காக நிறுத்தினார். இன்னொருவர் முதல்முறை மறுத்ததும் யோசித்துவிட்டு, "எங்க அம்மாவை அப்படி நிக்க வைப்பேனா, வேண்டாம் விடுங்க" என்றார். பதினொரு வருஷம் கொடுத்தார்.

கேள்வி: எங்கள் செயலாளருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. நல்லவர், உழைப்பாளி. ஆனால் பொறுப்பை விடச் சொன்னால் "இப்ப நிலைமை சரியில்ல, கொஞ்சம் தெளியட்டும்" என்கிறார். மூன்று வருஷமாக இதையேதான் சொல்கிறார். நீங்கள் எப்படி விட்டீர்கள்? (விருத்தாசலம்)

அவர் சொல்வது பொய்யில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. 2004-க்குப் பிறகு 2011-ல் தானே, 2015-ல் வெள்ளம், 2020-ல் கொரோனாவும் நிதி நின்றதும். நடுவில் தெளிந்த வருஷம் எது என்று நானும் தேடிப் பார்த்தேன். நம் கரையில் நிலைமை தெளிந்த பிறகு என்றால், அவர் நாற்காலியிலேயே இருக்க வேண்டியதுதான்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி நிர்வாகக் குழுவுக்கு மூன்று வருஷத்துக்கு மேல் காலம் கிடையாது. மறுபடியும் அதே ஆட்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், நாங்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். 2023 பொதுக்குழுவில் நான் எழுந்து, அடுத்த ஜூனோடு நான் இல்லை என்று தேதி சொன்னேன். தேதி சொல்லாமல் விட முடியாது, மனசு இழுத்துக்கொண்டே போகும். உங்கள் செயலாளரிடம் விலகச் சொல்லிக் கேட்காதீர்கள், ஒரு தேதியைக் கேளுங்கள். அந்த ஒரு வருஷத்தில் காசோலையில் இரண்டாவது கையெழுத்தைப் புதியவர் போடட்டும். ஆடிட்டரிடமும் கலெக்டர் ஆபீஸுக்கும் அவரே போகட்டும், பெரியவர் பின்னால் உட்காரட்டும். பெரியவருக்கு என்ன வேலை என்பதையும் முன்னாலேயே பேசுங்கள். பொறுப்பை விடச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதை யோசிப்பதில்லை. அவர் எழுபது வயதில் வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்குப் பயப்படுகிறார். அந்தப் பயம் எனக்குத் தெரியும்.

2024 ஜூனில் சாவியைக் கொடுத்தேன். பேங்க் பேப்பர், வருமான வரி இணையதளத்தின் பாஸ்வேர்ட், பதிவேடுகள், பீரோ, எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கினேன். எதையும் விடவில்லை என்று நினைத்தேன். எனக்குப் பின்னால் வந்த பெண்ணுக்கு முப்பத்து நாலு வயது. எங்கள் மாலை மையத்தில் படித்தவள்.

அந்த வருஷம் டிசம்பர் 2, அணைத் தண்ணீர் வந்த விடியற்காலை. எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். போகக் கூடாது என்றும் தெரிகிறது. நான் போய் நின்றால் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள், அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அப்போது அவளே போன் செய்தாள். பின்னால் டிராக்டர் சத்தம். "அம்மா, நாணமேட்டுல தனியா இருக்கிற கண்ணு தெரியாத ஆயா வீடு எந்தப் பக்கம்?"

மோட்டார் கொட்டகை தாண்டி இடது கைப் பக்கம், முருங்கை மரம் நிற்கும், அதற்குப் பின்னால் இரண்டாவது குடிசை, கதவை வெளியிலிருந்து கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள் என்று மூச்சு விடாமல் சொன்னேன். சொல்லி வைத்த பிறகுதான் உறைத்தது. நான் ஒப்படைத்த எந்தப் பதிவேட்டிலும் அந்த முருங்கை மரம் இல்லை. பத்தொன்பது வருஷம் தெருத்தெருவாக நடந்து சேர்த்தது எல்லாம் என் தலைக்குள்ளேயே இருந்தது. அன்றைக்கு என் போனில் சார்ஜ் இருந்தது, அவ்வளவுதான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வீட்டுப் பையன்கள் ஆயாவை ஏற்கெனவே தூக்கிக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்துத் திண்ணையில் உட்கார வைத்திருந்தார்களாம்.

அந்த வாரமே 80 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு ஊருக்கும் சாயங்காலம் போய், அந்தத் தெருப் பெண் ஒருத்தியோடு நடந்து, யார் வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார்கள், யாருக்குக் கண் தெரியாது, யார் மாசமாக இருக்கிறாள், எந்தச் சந்தில் டிராக்டர் போகாது என்று எழுதிக்கொண்டு வருகிறேன். மூன்று பிரதி எடுத்து ஒன்று ஆபீஸுக்கு, ஒன்று அந்தத் தெருப் பெண்ணிடம், ஒன்று என்னிடம். உங்கள் செயலாளருக்கு என்ன வேலை கொடுப்பது என்று யோசிப்பீர்கள் இல்லையா, இதைக் கொடுங்கள். அவர் தலைக்குள்ளும் இப்படி நிறைய முருங்கை மரம் இருக்கும். நான் நாலு ஊர் முடித்திருக்கிறேன். குண்டு உப்பலவாடி பாதியில் நிற்கிறது. வியாழக்கிழமை சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.